விசாரித்த மூன்று தெருக்கள்

“பிள்ளைங்க காலை எதுக்குங்க அந்த ஆளு பாக்கணும்? அதுதான் எனக்கு விளங்கல.”

“காலை மட்டுமாம்மா பாத்தாரு? எல்லார் ஷூவையும் கழட்டச் சொல்லி, ஒவ்வொண்ணா தலைகீழாத் திருப்பி அடியப் பாத்தாரு. மூக்குக்கிட்ட கொண்டு போயி.”

“ஷூவுக்கு அடியில என்ன பாய் இருக்கு? புதையலா?”

“மண்ணுதான் சார் இருக்கும். கொள்ளிடத்து மண்ணு.”

“சிரிக்கிற விஷயம் இல்லைங்க,” என்றாள் ஜோதி. முதலில் கேட்டவளும் அவள்தான். “முழுசா ஒன்றரை மணி நேரம். பந்தைக் கையால தொடல. பொட்டப் பிள்ளைங்கள வெறுங்காலோட ஒத்தக் கால்ல நிக்க வச்சுட்டு, இவரு மணல்ல குத்த வச்சு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு. என் பொண்ணு வயித்து வலின்னு பாதியிலயே வந்துட்டா. என்ன ஏதுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா.”

தகரக் கொட்டகைக்குள் ஆணியில் தொங்கிய பழைய வலை மின்விசிறிக் காற்றில், தூங்குகிறவரின் வயிறு போல உப்பி உப்பி அடங்கியது.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரையை ஒட்டிய மைதானம் அது. பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் பன்னிரண்டு பேர் அங்கே வாலிபால் ஆடினார்கள். நான்கு வருடமாக அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த லூர்துராணி மிஸ், கணவருக்கு மாற்றல் வந்ததால் கோவைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு கோச்சைப் பிடிக்கும் வேலையை மற்ற பெற்றோர்கள் மூன்று பேர் தலையில் கட்டியிருந்தார்கள். ஒருவர் ராமானுஜம், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அணியில் ஆடும் சௌமியாவின் பெரியப்பா. இன்னொருவர் நிஜாமுதீன், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர். அவர் மகளும் அணியில் இருந்தாள். மூன்றாவது ஜோதி. மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் எடைச்சீட்டு எழுதுகிறாள். அவள் மகள் கனிஷ்காதான் அணியின் செட்டர், மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். கணவன் பாலு லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பதால், கனிஷ்கா விஷயத்தில் கேட்பதும் முடிவெடுப்பதும் ஜோதிதான்.

மூன்று பேருக்கும் கோச்சைத் தேர்ந்தெடுத்துப் பழக்கமில்லை. மாப்பிள்ளை பார்த்துப் பழக்கம் உண்டு. அதனால் வரன் வந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். விண்ணப்பித்த இரண்டு பேரையும் ஆளுக்கு ஒரு நாள் மைதானத்துக்கு வரச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு விண்ணப்பித்தவர்களின் தெருவுக்கு ஓசைப்படாமல் போய், யார் எவர் என்று சொல்லாமல், இஸ்திரி போடுகிறவரிடமும் மளிகைக் கடையிலும் பக்கத்து வீட்டிலும் விசாரித்துவிட்டு வந்தார்கள். லூர்துராணி மிஸ்ஸிடம் போனில் யோசனை கேட்டபோது, “பிள்ளைங்ககிட்ட கேளுங்க. அந்த ஆளுங்ககிட்ட முன்னாடி கத்துக்கிட்ட பிள்ளைங்ககிட்டயும் கேளுங்க,” என்றார். ராமானுஜம் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். “குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரவன்தான் நல்லவன். அவாகிட்ட என்னத்தக் கேக்கறது?”

துவாக்குடியில் இருக்கும் அன்புச்செல்வனைப் பற்றி விசாரிக்கப் போனது ஜோதி. வயது முப்பத்திரண்டு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருக்கிறார். தெருவில் கால் வைத்ததுமே உபசாரம்தான். பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் என்ற பெண்மணி நாற்காலி போட்டு மோர் கொடுத்து, கேட்காததை எல்லாம் சொன்னார். தங்கமான பையன். பீடி சிகரெட் கிடையாது. அம்மா பேச்சைத் தாண்ட மாட்டான். வீடு சொந்த வீடு, மாடி எடுக்கவும் அஸ்திவாரம் போட்டிருக்கு. நாத்தனார் தொல்லை இருக்காது, ஒரே அக்கா, அதுவும் பெங்களூரில். கோச்சுக்கு மாடி எதற்கு, அக்கா எதற்கு என்று ஜோதிக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்டவரை எல்லாம் நல்லதாகவே இருந்ததால் அதை அப்படியே வந்து சொன்னாள்.

பொன்மலையில், ஷூவைத் திருப்பிப் பார்த்த இன்னாசிராஜின் தெருவுக்குப் போனவர் நிஜாமுதீன். அங்கே யாரும் நாற்காலி போடவில்லை. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கிய மனுஷன். பெண்டாட்டி சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. சாக்கடை அடைப்புக்காகத் தெருவில் பாதிப் பேர் மேல் மனு எழுதிப் போட்டவர். அதோடு இன்னொன்று: ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு போட்டியில் நடுவரோடு சண்டை போட்டு, ஒரு வருடம் எந்த அணியையும் கூட்டிக்கொண்டு வரக் கூடாது என்று தடை வாங்கியவர்.

“இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார் ராமானுஜம். “ஒருத்தர் தெருவே புகழறது. இன்னொருத்தர் தெருவே தூத்தறது. பெருமாள் இவ்வளவு தெளிவா வழி காட்டறப்போ நாம ஏன் குழம்பணும்? என் ஓட்டு அன்புச்செல்வனுக்கு.”

“என் ஓட்டு இன்னாசிராஜுக்கு,” என்றார் நிஜாமுதீன்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“என்ன பாய், நீங்கதானே போயி அவ்வளவு அழுக்கையும் அள்ளிண்டு வந்தேள்?” என்றார் ராமானுஜம்.

“அள்ளிக்கிட்டு வந்தேன். இல்லேங்கல. ஆனா எங்க வீட்டுப் பிள்ளை அவருதான் வேணுங்குது. ஏண்டின்னு கேட்டா, ‘அவரு கத்தல, அத்தா’ங்குது. எனக்கு அது போதும்.”

“என் பொண்ணு அன்பு சார்தான் வேணுங்குறா,” என்றாள் ஜோதி.

“அப்புறம் என்ன? உங்க ஓட்டையும் போட்டு முடிச்சிடுங்கோ.”

ஜோதி போட்டிருப்பாள். மேஜை மேல் அன்புச்செல்வனின் கோப்பு விரிந்து கிடக்காமல் இருந்திருந்தால் போட்டிருப்பாள். சான்றிதழ்களுக்கு நடுவே இரண்டு குழுப் படங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒன்று, அதற்கடுத்த வருடத்தது ஒன்று. இரண்டிலும் கோப்பை. இரண்டிலும் அன்புச்செல்வன் அதே நீலச் சட்டை, அதே சிரிப்பு. முதல் படத்தில் எல்லாப் பெண்களும் நிற்க, ஓரத்தில் ஒருத்தி மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோப்பை அவள் மடியில், முகத்தில் சிரிப்பு. வலது காலை மடக்காமல் முன்னால் நீட்டியிருந்தாள், அது அவளுடைய கால் அல்ல, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் என்பது போல. அடுத்த வருடப் படத்தில் அவள் இல்லை. கீழே அச்சடித்த பெயர்களில் ஜோதி விரல் வைத்துத் தேடினாள். மட்டுவார்குழலி, தொட்டியம்.

ஆலையில் பதினோரு வருடம் மூட்டைகளைப் பார்த்துப் பழகிய கண் அது. நூறு மூட்டையில் ஒன்றின் தையல் மட்டும் வேறு நூலாக இருந்தால் அவளுக்கு அன்று சாப்பாடு இறங்காது.

“நாளைக்குச் சாயங்காலம் சொல்றேங்க,” என்றாள்.

“இன்னும் என்ன சந்தேகம்?”

“தெரியலங்க. ஒரு நாள் கொடுங்க.”

ராமானுஜம் கடிகாரத்தைப் பார்த்தார், அதில் நாட்கள் தெரியும் என்பதுபோல. “விடுதித் தேர்வுக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. அதுல நிக்கப் போறது உங்க பொண்ணு, என் பொண்ணு இல்லை. ஞாபகம் இருக்கட்டும். நாளைக்கு ஆறு மணி.”

ஞாபகம் இல்லாமல் இருக்குமா? அரசு விளையாட்டு விடுதிக்கான தேர்வுப் பட்டியலில் கனிஷ்காவின் பெயர் வந்த நாளிலிருந்து ஜோதியின் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அங்கே இடம் கிடைத்தால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பின்னால் கல்லூரி, வேலை என்று ஒவ்வொரு கதவுக்கும் அந்த ஒரு சாவி போதும். தலைமுடியில் தவிட்டுத் தூசி ஒட்டாமல் தன் மகள் ஒரு வேலைக்குப் போவதை ஜோதி பஸ்ஸில் கண்ணை மூடும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். அந்தக் கனவில் கனிஷ்கா எப்போதும் வெள்ளைச் சட்டை போட்டிருப்பாள், எப்போதும் எங்கேயோ படியேறிக்கொண்டிருப்பாள். தன் பயிற்சி நாளன்று, எல்லாரும் கைதட்டிய பிறகு, அன்புச்செல்வன் நேராக ஜோதியிடம் வந்து சொன்னார்: “உங்க பொண்ணு விரல்ல ஏதோ இருக்கு மேடம். எங்கிட்ட விடுங்க. விடுதிக்கு நான் அனுப்புறேன்.”

வீட்டுக்கு நடக்கும்போதே அவருக்குப் போன் செய்தாள்.

“சார், உங்க கோப்புல ஒரு போட்டோ பாத்தேன். தொட்டியத்துப் பொண்ணு ஒண்ணு, மட்டுவார்குழலின்னு. அடுத்த வருஷம் அவ ஆடலையா?”

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. பிறகு டிவியை யாரோ அணைத்தது கேட்டது.

“குழலியா? நல்ல பிளேயர் மேடம். வீட்டுல நிறுத்திட்டாங்க. பொம்பளப் பிள்ளைங்கன்னா எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா?” கொஞ்சம் இடைவெளி விட்டுக் கேட்டார். “ஏன் மேடம், யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“இல்லைங்க. சும்மாதான்.”

யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தது.

வீட்டில் கனிஷ்கா கட்டிலில் படுத்திருந்தாள். காலுக்கடியில் தலையணை. புரட்டாசிப் புழுக்கத்தில் முழங்கால் வரை இழுத்துவிட்ட சாக்ஸ்.

“எதுக்குடி வீட்டுக்குள்ள சாக்ஸு?”

“கொசும்மா.”

அறையில் வலித் தைலத்தின் நெடி அடித்தது. கேட்டால், கழுத்து பிடித்துக்கொண்டது என்றாள். ஜோதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் மனம் சாக்ஸில் நிற்கவில்லை. மணலில் குத்த வைத்து உட்கார்ந்திருந்த அந்த நரைத்த தலையைச் சுற்றியே வந்தது.

“கனி, நேராச் சொல்லு. அந்த இன்னாசிராஜ் உங்கிட்ட ஏதாச்சும் தப்பாப் பேசினாரா?”

“இல்ல.”

“கையக் கிய்யப் பிடிச்சாரா?”

“ஐயோ, இல்லம்மா! சும்மா நோண்டாத.”

“அப்புறம் ஏன் பாதியில ஓடி வந்த?”

“வயித்து வலின்னு சொன்னேன்ல. எனக்கு அவரப் பிடிக்கல. அவ்வளவுதான். அன்பு சார் வரட்டும்.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பும்போது ஒரு காலை மட்டும் கையால் தூக்கி வைத்ததுபோல ஜோதிக்குத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. கரண்டு போய்விட்டது.

மறுநாள் ஞாயிறு. காலையில் நம்பர் ஒன் டோல்கேட்டில் நாமக்கல் பஸ் பிடித்தாள். முசிறி தாண்டும் வரை காவிரி ஜன்னலோடு கூடவே வந்தது. தண்ணீர் பாதி, மணல் பாதி. அப்புறம் வாழைத் தோட்டங்கள். இலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, எதையோ ஒட்டுக் கேட்பதுபோல நின்றன. இரண்டு சந்தேகங்கள் அவளுக்குள் மாறி மாறி ஏறி இறங்கின. இன்னாசிராஜைப் பற்றியது கனமாக இருந்தது, ஆனால் கையில் பிடிக்க எதுவும் இல்லை. அன்புச்செல்வனைப் பற்றியது ஒரு நீட்டிய கால் அளவுக்குத்தான் இருந்தது.

தொட்டியத்தில் இறங்கி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் விசாரித்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும்.

“மட்டுவார்குழலின்னு ஒரு பொண்ணு. முன்னாடி வாலிபால் ஆடிச்சு. வீடு எதுங்க?”

அந்தப் பெண் ஜோதியின் புடவையைப் பார்த்தாள். கைப்பையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

“வாழையிலை மண்டிக்காரர் வீட்டுப் பொண்ணா? உக்காருங்க, உக்காருங்க. எந்த ஊருலேருந்து வரீங்க?”

“ஸ்ரீரங்கம்.”

“அடடே, நல்ல இடம். பொண்ணு தங்கமுங்க. அதிர்ந்து ஒரு பேச்சு வராது. டிகிரி படிக்குது. வீட்டுல வந்து பாருங்க, வீட்ட எப்படி வச்சிருக்குன்னு.” டீயை நீட்டினாள். குரலைத் தாழ்த்தினாள். “யாராச்சும் காலப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க. அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. நடந்தா லேசாத்தான் தெரியும். புடவை கட்டுனா அதுவும் தெரியாது.”

ஜோதி டீயைக் குடிக்கவில்லை. டம்ளரின் சூடு விரலைச் சுட்டது, அவள் கையை எடுக்கவும் இல்லை.

துவாக்குடியின் நாற்காலியும் மோரும் இப்போதுதான் அவளுக்கு விளங்கின. சொந்த வீடு, மாடிக்கு அஸ்திவாரம், தொல்லை இல்லாத அக்கா. சந்திரம்மாள் ஒரு கோச்சைப் பற்றிச் சொல்லவே இல்லை. முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகாத தெருப் பையனுக்குப் பெண் கொடுக்க வந்தவளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கல்யாணத்துக்கு விசாரிக்க வந்தவர்களிடம் எந்தத் தெருதான் குறையைச் சொல்லும்? பொன்மலைத் தெருவோ சாக்கடைக்காக மனு எழுதினவரைத் திட்டக் காத்திருந்தது. பதினைந்து நாள் அலைந்து மூன்று பேரும் கொண்டுவந்தது இவ்வளவுதான்.

“நான் அதுக்கு வரலைங்க,” என்றாள்.

“எதுக்கு வந்தாலும் சொல்றேன், பொண்ணு தங்கம்,” என்றாள் டீக்கடைக்காரி, அசராமல்.

மண்டி வீட்டில் குழலியின் அம்மாவும் அதையேதான் நினைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தவள், வாசலில் ஜோதியைப் பார்த்ததும் உள்ளே திரும்பி மகளிடம் மெதுவாகச் சொன்னாள். “நீ எந்திரிக்காத. உக்காந்தே இரு.”

குழலி தரையில் உட்கார்ந்து வாழை இலைகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. படத்தில் இருந்த அதே சிரிப்பு இல்லை, ஆனால் அதே கால். இப்போதும் நீட்டியபடியே.

ஜோதி வந்த காரணத்தைச் சொன்னாள். தன் மகள் வாலிபால் ஆடுகிறாள், அன்புச்செல்வனைக் கோச்சாகப் போடலாமா என்று யோசிக்கிறோம், அவரிடம் கற்றவர் என்பதால் கேட்க வந்தேன். அன்புச்செல்வன் என்ற பெயரைக் கேட்டதும் குழலியின் அம்மா அடுப்படிக்குப் போனாள். அதற்கப்புறம் உள்ளேயிருந்து பாத்திரச் சத்தம்கூட வரவில்லை.

“அவர் கெட்டவரு இல்லக்கா,” என்றாள் குழலி. “அத முதல்ல சொல்லிடுறேன். அடிச்சதில்ல, தப்பாப் பாத்ததில்ல. ஊட்டி ஊட்டி வளத்தாரு. அவரு கோச்சா இருந்த ஸ்கூல்லதான் தங்கிப் படிச்சேன், லீவுக்கு வீட்டுக்கு வரக்கூட மனசு வராது. கிரவுண்டுதான் எனக்கு வீடு.”

“அப்ப காலு?”

“முட்டி. போட்டிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வலி. டெய்லி கேப்பாரு, ‘குழலி, வலிக்குதா?’ன்னு. எப்பக் கேப்பாரு தெரியுமா? எல்லாரும் வட்டமா நிக்கும்போது. பதினோரு பேரு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் இல்லேன்னுதான சொல்லுவேன்?” ஓர் இலையை எடுத்துக் கிழிசல் பார்த்து ஒதுக்கினாள். “இல்லேன்னு சொல்றதுக்குத்தான் அவரு அப்படிக் கேட்டாருன்னு இப்பத் தோணுது. அப்பத் தோணல. அப்ப என்மேல அக்கறையாக் கேக்குறாருன்னுதான் தோணுச்சு.”

“ஃபைனல் அன்னைக்கு?”

“காலைல வலி தெரியாம இருக்க ஊசி போட்டாங்க. அதுக்கு முன்னாடி அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாரு. ‘நீங்க சொன்னா ஆட வைக்கிறேன், வேணாம்னா வேணாம்’னாரு.” அடுப்படிப் பக்கம் பார்க்காமல், குரலை மட்டும் இறக்கினாள். “அம்மா சரின்னுச்சு. நான்தான் அதுக்கு முன்னாடியே போன் பண்ணி, சரின்னு சொல்லும்மான்னு அழுதிருந்தேன். அப்ப யார் மேலக்கா குத்தம் சொல்றது?”

குழலியே தொடர்ந்தாள்.

“ரெண்டாவது செட்ல எதிர் டீம் கோச்சு வலையத் தாண்டி உள்ள வந்துட்டாரு. வயசானவரு. என் காலடியில மண்டி போட்டு உக்காந்து, ‘இந்தப் பிள்ளையை வெளிய எடுங்கய்யா, எடுங்கய்யா’ன்னு நடுவர்கிட்ட ஒரே சத்தம். ஆட்டத்தக் கெடுக்கப் பாக்குறான்னு எங்க சார் சட்டையப் பிடிச்சாரு. பெரிய ரகளை. அவருக்குத் தடை போட்டதாச் சொன்னாங்க.”

“பேரு இன்னாசிராஜா?”

“தெரியும் உங்களுக்கு?”

ஜோதி தலையை மட்டும் ஆட்டினாள். மூட்டையைச் சந்தேகிக்கும் பதினோரு வருடப் பழக்கம் விடவில்லை. “நீதான் அவங்க டீமை அடிச்சு நொறுக்கிக்கிட்டு இருந்தியா?”

“ஆமா. பதினஞ்சு பாயிண்ட் நான் ஒருத்தி.”

“அப்ப உன்னைய வெளிய எடுத்தா அவருக்குத்தான் லாபம்.”

குழலி முதல்முறையாகச் சிரித்தாள். “நானும் அஞ்சு வருஷமா அதையேதான் யோசிக்கிறேன். நல்லதுக்குச் சொன்னாரா, ஜெயிக்கச் சொன்னாரா? தெரியலக்கா. ஆனா ஒண்ணு. மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நாங்க ஷூ மாத்துற இடத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. என் ஷூவ எடுத்துத் திருப்பிப் பாத்தாரு.”

“ஷூவையா?”

“இடது ஷூ அடி தேஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு. வலது அப்படியே புதுசு. வலிக்கிற கால ஊன மாட்டோம்ல? வாய் இல்லேன்னு சொல்லிடும். ஷூ சொல்லாது.”

ஜோதி எழுந்தாள். எழுந்த வேகத்தில் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து, வாசல் வரை போய்த் திரும்பி வந்து, “போயிட்டு வரேம்மா,” என்றாள். அடுப்படி வாசலில் குழலியின் அம்மா நின்றிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் ஜோதி நின்றுகொண்டே வந்தாள். ஒன்றரை மணி நேரம் ஒற்றைக் காலில் நிற்க வைத்தார் அந்த மனுஷன். கனிஷ்கா எப்போது ஓடி வந்தாள்? ஷூவைக் கழற்றச் சொன்ன பிறகா, முன்பா? வெறுங்காலோடு நின்றாளா? ஜோதிக்கு நினைவில்லை. அவள் அன்று மகளைப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். கனிஷ்காவின் ஷூக்கள் வாசற்படி ஓரத்தில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, எப்போதும் போலக் கிடந்தன. இரண்டு மாதத்துக்கு முன் வாங்கியவை. எத்தனை முறை அதைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். ஜோதி படியில் உட்கார்ந்தாள். உடனே தொடவில்லை. கொஞ்ச நேரம் அவற்றை அப்படியே விட்டுவைக்க வேண்டும் போல இருந்தது. திருப்பாத வரைக்கும் அவை வெறும் ஷூக்கள்தான்.

வலதைத் திருப்பினாள். குதிகால் பக்கத்தில் வரிகள் அழிந்து, உள்ளங்கை போல வழுவழுவென்று இருந்தது.

இடதைத் திருப்பினாள். கடையில் பார்த்தபடியே இருந்தது. வரிகளுக்கு நடுவே ஒட்டியிருந்த கொள்ளிடத்து மணல் மட்டும் அவள் மடியில் கொட்டியது.

கைப்பையில் போன் அடித்தது. ராமானுஜம். “ஜோதி, பாயும் நானும் வந்தாச்சு. அன்புச்செல்வனும் வந்து வெளியில காத்துண்டிருக்கார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போறும். வரேளா?”

“வரேங்க,” என்று வைத்தாள்.

நிமிர்ந்தபோது கனிஷ்கா நிலைப்படியில் நின்றிருந்தாள். அம்மாவின் கையில் கவிழ்ந்திருந்த ஷூவைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஏதோ கணக்கு போட்டுக்கொண்டிருப்பவளின் முகம் அது.

“சாக்ஸக் கழட்டு கனி.”

கனிஷ்கா கதவைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் நின்று, இடது சாக்ஸை மெதுவாக உருட்டிக் கீழே இறக்கினாள். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் எலும்பே தெரியவில்லை. மஞ்சளும் நீலமுமாக, மழைக்கு முந்தைய வானம்போல இருந்தது.

“எத்தன நாளா?”

“ரெண்டு மாசம்.”

“லூர்துராணி மிஸ்ஸுக்குத் தெரியுமா?”

“மிஸ் கேட்டாங்க. சுளுக்குன்னு சொன்னேன். அப்புறம் அவங்க போயிட்டாங்க.” கனிஷ்கா நொண்டாமல் நடக்க முயன்று, முடியாமல், படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அந்தப் பொன்மலை சார் எல்லாரையும் கழட்டச் சொன்னாரு. அதான் ஓடி வந்தேன். அவரு வந்தாருன்னா முத நாளே என்னைய உக்கார வச்சிருவாரும்மா. தேர்வுலேருந்து பேரை எடுத்துருவாரு. அன்பு சார்னா கேப்பாரு, நான் வலிக்கலன்னு சொல்லுவேன், சரின்னு விட்டுருவாரு.”

தெருமுனையில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். போன் மறுபடியும் அடித்தது. ஜோதி எடுக்கவில்லை. ஷூ இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

கனிஷ்கா அதை வாங்கவில்லை. அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பந்தைத் தூக்கிக் கொடுக்கும் அந்த விரல்கள் சில்லென்று இருந்தன.

“பதினோரு நாள்தாம்மா. அப்புறம் நீ எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாலும் வரேன். இப்பப் போயி அன்பு சார்னு மட்டும் சொல்லிட்டு வந்துரும்மா. என் காலப் பத்தி யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாத. சொல்ல மாட்டன்னு சொல்லும்மா.”